பிழை எண் 19: 'அப்படி ஒரு சாதனம் இல்லை'

தோட்டத்துப் பெரட்டுக் களத்தைப் பார்த்தவர்களுக்கு, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரைவர் என்கிற சின்ன நிரல் என்ன வேலை செய்கிறது என்று அதிகம் விளக்கத் தேவையில்லை. காலையில் ஆள் வந்தால் செக்ரோலில் பேர் விழும். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர். வராவிட்டால் ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டர் எழும்பும்போதும் இதே கதைதான். "சவுண்ட் கார்ட் இருக்கா? கெமரா இருக்கா?" என்று ஒவ்வொரு டிரைவரும் தனக்குரிய சாதனத்தைக் கூப்பிட்டுப் பார்க்கும். இதற்கு 'ப்ரோப்' என்று பெயர். பதில் வராவிட்டால் பிழை எண் 19. அதன் அர்த்தம் 'அப்படி ஒரு சாதனம் இல்லை.' 1970களின் யுனிக்ஸில் இருந்த இந்த எண்ணை இன்றைய லினக்ஸும் மாற்றாமல் வைத்திருக்கிறது.

நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறேன், நிரல் எழுதுகிற ஆள் இல்லை. ஆனால் இந்த 'இல்லை'யை எப்படிப் பதிவு பண்ணுவது என்று நிரலாளர்கள் முப்பது வருசமாகச் சண்டை பிடித்திருக்கிறார்கள். அதை வாசிக்க வாசிக்க நம்ம ஊர்ப் பட்டியல்கள்தான் ஞாபகம் வந்தன.

லினக்ஸின் தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் இயங்குதளத்தை அறிவித்தபோது, தன்னிடம் உள்ள ஏ.டி. வகை ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறு எதற்கும் அது வேலை செய்யாது போல என்ற பொருளில் எழுதினார். தன் மேசையில் இருப்பதுதான் உலகம். பிழை என்று சொல்ல முடியாது, இருபத்தொரு வயசுப் பையனின் பொழுதுபோக்கு அது. ஆனால் ஒருவரின் மேசையை அளவாக வைத்து எழுதியது ஊருக்கெல்லாம் போகும்போதுதான் சிக்கல் வருகிறது. பிறகு யூ.எஸ்.பி. வந்தது, சாதனங்கள் ஓடும்போதே வரவும் போகவும் தொடங்கின. 1998 ஏப்ரலில் சிகாகோ கொம்டெக்ஸ் கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, விண்டோஸ் 98இல் ஒரு ஸ்கேனரைச் செருகியதும் நீலத்திரை விழுந்ததே, அது இந்தக் காலத்துக் காட்சிதான்.

ஒரு சாதனம் ஆரம்பத்திலேயே இல்லை என்றால் சமாளிப்பது லேசு. இருந்தது, பட்டியலில் ஏறியது, நடுவில் காணாமல் போனது என்றால்தான் வினை. பி.சி.ஐ. வகைச் சாதனம் ஒன்று பிடுங்கப்பட்ட பிறகு அதனிடம் எதைக் கேட்டாலும் பொதுவாக எல்லாப் பிட்டும் 1 ஆகவே திரும்பி வரும். ஆள் இல்லாத காம்பராவைத் தட்டி "இருக்கியா?" என்றாலும் ஓம், "நோயா?" என்றாலும் ஓம், "வேலை முடிஞ்சுதா?" என்றாலும் ஓம் என்று பதில் வருகிற மாதிரி. 'வேலை நடக்கிறது' என்று காட்டும் பிட் 0 ஆகட்டும் என்று காத்திருக்கும் டிரைவர், சாதனமே போய்விட்டது தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இப்படியான நிரலைத் திருத்துகிறவர் மாற்றத்தைப் பொது மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்புவார். முன்பின் தெரியாதவர்கள் வரி வரியாக வாசித்துக் கேள்வி கேட்பார்கள். சாதனம் இல்லை என்று தெரிவதற்கு முன் நினைவகம், மின்சாரம், கடிகாரம் என்று எதையெல்லாம் வாங்கி வைத்தாய்? தோற்றுப்போனால் அதையெல்லாம் எடுத்ததற்குத் தலைகீழான வரிசையில் திருப்பிக் கொடுக்கிறாயா? இதை மனிதர் மறந்துகொண்டே இருந்ததால், தானாகத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று 2007இல் சேர்க்கப்பட்டது. ஆனாலும் மதிப்பாய்வில் இன்றுவரை அலுக்காமல் வரும் கேள்வி இன்னொன்று: "எந்தப் பிழை வந்தாலும் 'சாதனம் இல்லை' என்று எடுத்துக்கொள்கிறாயே, ஏன்?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் 2012இன் ஒரு மாற்றம் இருக்கிறது. சின்னச் சின்னப் போர்டுகளில் ஒரு சாதனம் எழும்ப இன்னொன்று முதலில் எழும்பியிருக்க வேண்டும். கெமரா இருக்கிறது, ஆனால் அதற்கு மின்சாரம் கொடுக்கும் சிப்பின் டிரைவர் இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் கூப்பிட்டால் கெமரா பதில் சொல்லாது. அதற்காக அது இல்லை என்றாகிவிடுமா? லினக்ஸ் 3.4 பதிப்பில் இதற்கென்றே புதிய எண் வந்தது, 517. அர்த்தம்: 'இப்போது முடியாது, பிறகு கேள்.' அந்தச் சாதனம் தனி வரிசையில் நிற்கும், வேறொரு டிரைவர் எழும்பியதும் மறுபடியும் கூப்பிடப்படும். 517ஐ 19 ஆக விழுங்கிவிடும் நிரல், உயிரோடு இருக்கிறவரைச் செத்தவர் கணக்கில் எழுதுகிற நிரல்.

மனிதரைச் சாதனத்தோடு ஒப்பிடுவதா என்று ஒரு தோழி கேட்டார். நான் ஒப்பிடுவது பட்டியல் எழுதுகிறவர்களை.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. ஆக, பட்டியலில் ஏறியிருந்தோம். 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், ஏற்கெனவே இங்கே பிறந்திருந்தவரிடம் கூடத் தந்தை இலங்கையில் பிறந்தாரா, இல்லாவிட்டால் தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா என்று கேட்டது. லயத்தில் பிறந்த பாட்டனுக்குச் சான்றிதழ் எங்கே இருந்து வரும்? அடுத்த வருசம் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அந்த 7 பேருக்குப் பதிலாக ஒருவர் கூட இல்லை. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்திலிருந்து பிடுங்கியெடுத்த கதை இதுதான்.

1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் விண்ணப்பிக்க வழி விட்டது. 1946 ஜனவரி 1க்கு முன் திருமணமானவர் 7 வருசமும் ஆகாதவர் 10 வருசமும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின, கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. கடுதாசி இல்லை என்பதும் ஆள் இங்கே வாழவில்லை என்பதும் இரண்டு வேறு பதில்கள். அலுவலகங்கள் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் போட்டன. விண்ணப்பத்தை மதிப்பாய்வு செய்தவர்கள் இருந்தார்கள், மதிப்பாய்வு செய்யும் விதியை மதிப்பாய்வு செய்ய அந்த மக்களில் ஒருவர் கூடச் சபையில் மிஞ்சவில்லை.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேர்? 'பிறகு கேள்.' நம்ம வரலாற்றின் 517 அது. லினக்ஸில் அந்த வரிசை பெரும்பாலும் சில நொடிகளில் கலைந்துவிடும். இங்கே 1974 வரை போனது. அப்போதும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை, ஆளுக்கு 75,000 என்று இரண்டு அரசுகளும் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அரைப் பேர் போடுகிற கணக்கப்பிள்ளை கூடத் தராசில் கொழுந்தை நிறுத்துத்தான் போடுவார்.

நிரல் உலகத்தை நான் கோயிலாக்கவில்லை. அங்கேயும் யார் மேசையில் என்ன இருக்கிறது என்பதுதான் விசயம். 2019 ஜூலையில் ஃபுளொப்பி டிரைவர் அநாதை என்று குறிக்கப்பட்டது, ஏனென்றால் அதைப் பராமரித்தவரிடமே வேலை செய்யும் ஃபுளொப்பி இல்லை. 2021இல் பழைய ஐ.டி.இ. டிரைவர் தொகுதி முழுசாக நீக்கப்பட்டது. அந்த டிஸ்க்குகளுக்கு வேறு புதிய டிரைவர் இருந்ததால் பெரிய இழப்பில்லை என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் கொழும்பில் கழித்த கம்ப்யூட்டர் நன்கொடையாக ஏறி வருகிற தோட்டப் பாடசாலையிலிருந்து பார்த்தால், 'இதை இப்போது யாரும் பாவிப்பதில்லை' என்ற வாக்கியம் கொஞ்சம் வேறு மாதிரிக் கேட்கும். அந்த மின்னஞ்சல் பட்டியலில் "நாங்கள் பாவிக்கிறோம்" என்று ஒரு வரி எழுத யாருக்கும் தடையில்லை, எழுத நம்மில் ஆள்தான் இல்லை.

2020இல் லினக்ஸ் 5.9 பதிப்பில் வந்த இன்னொரு சின்ன மாற்றம் எனக்குப் பிடித்தது. 'பிறகு கேள்' வரிசையில் நிற்கும் சாதனத்துக்குப் பக்கத்தில், எதற்காக நிற்கிறது என்ற காரணத்தையும் எழுதி வைக்க வழி செய்தார்கள். அதற்கு முன் அது ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். இப்போது வேண்டியவர் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கலாம்.

நம்ம வரிசை சட்டப்படி முடிந்தது 2003இல், 35ஆம் இலக்கச் சட்டத்தோடு. இந்திய வம்சாவளியினரில் யாருக்குக் குடியுரிமை என்பதற்கு அது ஒரு தேதியைப் போட்டிருக்கிறது: அன்றிலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வாழ்பவரும் அவர்களின் சந்ததியினரும். தேதி, 1964 அக்டோபர் 30.