லண்டனில் ரயில் ஏறும் முன்பே பிரான்ஸ் எல்லை! செயின்ட் பான்க்ராஸ் ஸ்டேஷனில் இந்தியப் பயணிகள் கவனிக்க வேண்டியது என்ன?

லண்டனுக்குப் படிக்கப் போன மகனைப் பார்க்கப் பெற்றோர் போகிறார்கள். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, ரயில்ல ரெண்டரை மணி நேரம்தான், பாரிஸையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்று டிக்கெட் எடுக்கிறார்கள். கையில் பிரிட்டன் விசா இருக்கிறது. அது போதுமா?

போதாது. ரயில் நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏன் என்று பார்ப்போம்.

எங்கே இருக்கிறது இந்த ஸ்டேஷன்?

லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் இருக்கிறது செயின்ட் பான்க்ராஸ் ரயில் நிலையம். 1868-ல் திறக்கப்பட்டது. பொறியாளர் வில்லியம் பார்லோ வடிவமைத்த இதன் கூரைக்கு நடுவில் ஒரு தூண்கூட கிடையாது. சுமார் 73 மீட்டர் அகலத்துக்கு ஒரே வளைவு. அன்றைக்கு உலகிலேயே மிகப் பெரிய ஒற்றை வளைவுக் கூரை இதுதான். முன்பக்கம் அரண்மனை போல நிற்கும் சிவப்புச் செங்கல் கட்டடம், ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த ஹோட்டல்.

1960-களில் இந்த நிலையத்தை இடித்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமன் உள்ளிட்டோர் எதிர்த்துப் போராடினார்கள். 1967-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டதால் தப்பியது. பிறகு புதுப்பிக்கப்பட்டு, 2007 நவம்பர் 14 முதல் யூரோஸ்டார் ரயில்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. அதற்கு முன்பு 1994 முதல் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ஓடின.

பீர் கிடங்கு இப்போது எல்லைச் சாவடி

பக்கத்தில் ஓடும் ரீஜன்ட்ஸ் கால்வாயைத் தாண்டித் தண்டவாளம் வர வேண்டியிருந்ததால், நடைமேடைகளை உயரத்தில் கட்டினார்கள். கீழே கிடைத்த இடத்தில், பர்ட்டன் நகரிலிருந்து ரயிலில் வந்த பீர் பீப்பாய்களை அடுக்கி வைத்தார்கள். தூண்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பதையே பீப்பாய் அளவை வைத்துத்தான் முடிவு செய்தார்கள்.

அந்தக் கிடங்கில்தான் இன்று யூரோஸ்டார் செக்-இன் நடக்கிறது. டிக்கெட் கேட், பை ஸ்கேன், அடுத்து பாஸ்போர்ட் சோதனை. அங்கே சோதிப்பது பிரான்ஸ் நாட்டு அதிகாரிகள். இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பிரான்ஸுக்குள் நுழையும் சோதனை லண்டனிலேயே முடிந்துவிடும். பாரிஸில் இறங்கினால் நேராக வெளியே போகலாம். திரும்பி வரும்போது பிரிட்டன் அதிகாரிகள் பாரிஸின் கார் து நார் நிலையத்திலேயே சோதிப்பார்கள்.

பாரிஸ் சுமார் 490 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சென்னை - கோவை தூரம். ரயில் சுமார் 2 மணி 20 நிமிடத்தில் போய்விடும். நடுவில் 50 கிலோமீட்டர் நீளச் சுரங்கம், அதில் சுமார் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் நகரங்களுக்கும் இங்கிருந்து நேரடி ரயில் உண்டு.

என்ன விசா வேண்டும்?

பிரிட்டன் ஷெங்கன் பகுதியில் இல்லை. அதனால் இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஷெங்கன் விசா வேண்டும்.

- பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும்.
- பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ.
- குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம்.
- ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

பிரிட்டனில் படிப்பவர்கள், வேலை பார்ப்பவர்கள் அங்கிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். சுற்றுலா விசாவில் போகிறவர்கள் இந்தியாவிலேயே இரண்டு விசாவையும் வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் நல்லது.

பலரும் தவறவிடும் இடம்

சென்னையிலிருந்து பாரிஸ் போய், அங்கிருந்து ரயிலில் லண்டன், மறுபடி பாரிஸ் வந்து விமானம் ஏறுவதாகத் திட்டமா? அப்படியானால் ஷெங்கன் பகுதிக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். 'சிங்கிள் என்ட்ரி' விசா என்றால், லண்டனுக்கு ரயில் ஏறியதுமே அது முடிந்துபோகும். திரும்பிப் போக முடியாது, விமான டிக்கெட் பணமும் போய்விடும். விண்ணப்பிக்கும்போதே இரண்டு அல்லது பல முறை நுழைவு கேட்க வேண்டும். லண்டனில் இறங்கி, பாரிஸ் போய்த் திரும்புகிறவர்கள் பிரிட்டன் விசாவில் இதே விஷயத்தைப் பார்க்க வேண்டும்.

இ-விசா வைத்திருப்பவர்கள், புதிய பாஸ்போர்ட் எண் கணக்கில் இணைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

எப்போது போக வேண்டும்? என்ன கொண்டு போகலாம்?

விமானம் மாதிரிதான், ரயில் கிளம்பும் முன்பே கேட் மூடிவிடும். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது டிக்கெட்டிலேயே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 அக்டோபர் 12 முதல் வெளிநாட்டுப் பயணிகளின் விவரங்களைக் கணினியில் பதியும் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. எத்தனை நாள் தங்கினீர்கள் என்பதை அதுவே கணக்கிடும். இந்தப் பதிவுக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

பிரிட்டனிலிருந்து இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த நெய், பால்கோவா எல்லாம் லண்டன் வீட்டிலேயே இருக்கட்டும்.

இறங்கினால் தமிழ்க் கடைத்தெரு

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கார் து நார் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் லா சப்பல். ஈழத் தமிழர்களின் மளிகைக் கடை, நகைக் கடை, உணவகம் எல்லாம் தமிழ்ப் பெயர்ப் பலகையோடு வரிசையாக இருக்கும். தோசையும் கொத்து ரொட்டியும் அங்கே சூடாகக் கிடைக்கும். விசா மட்டும் சரியாக இருந்தால் போதும்.