சலவை இயந்திரங்களின் நீர்க்கசிவுப் பாதுகாப்பு

நீர்க்கசிவுப் பாதுகாப்பு என்பது, வீடுகளில் பயன்படும் சலவை இயந்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவற்றில் குழாய் வெடித்தாலோ உட்பகுதியில் நீர் கசிந்தாலோ நீர்வரத்தைத் தானாகவே நிறுத்தும் அமைப்பு ஆகும். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1980களில் அக்வாஸ்டாப் என்னும் பெயரில் இத்தகைய அமைப்பை அறிமுகப்படுத்தியது. பன்னாட்டு மின்தொழினுட்ப ஆணையத்தின் 61770 எண் சீர்தரம், இணைப்புக் குழாய்கள் பழுதுறுவதைத் தவிர்ப்பதற்கான விதிகளைக் கொண்டுள்ளது.

தேவை

சாதாரண சலவை இயந்திரத்தில் நீரை நிறுத்தும் வால்வு இயந்திரத்தின் பின்புறத்தில் உள்ளது. ஆகவே இயந்திரம் ஓடாத வேளையிலும், சுவர்க்குழாய் திறந்திருக்கும்வரை நுழைவுக் குழாயில் நீரழுத்தம் நிலைத்திருக்கும். அக்குழாய் வெடித்தால் வால்வு மூடியிருந்தும் பயனில்லை. நிமிடத்திற்கு 10 லிட்டர் வெளியேறினால், 1000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி 100 நிமிடங்களில் காலியாகிவிடும்.

செயற்படும் முறை

மின்முறை: இதில் வால்வு சுவர்க்குழாயின் முனையிலேயே பொருத்தப்படுகிறது. நுழைவுக் குழாயைச் சுற்றி மற்றொரு உறைக்குழாய் இருக்கும். உட்குழாய் கசிந்தால் நீர் உறையின் வழியே இயந்திரத்தின் அடித்தட்டை அடையும். அங்குள்ள மிதவை உயர்ந்து சுவிட்சை இயக்க, வால்வுக்கான மின்னோட்டம் துண்டிக்கப்படும். மின்னோட்டம் உள்ளபோது மட்டுமே திறக்கும் வால்வு என்பதால், மின்தடையின்போதும் அது மூடியே இருக்கும். பல இயந்திரங்களில் வடிநீர்ப் பம்பும் உடன் இயங்கும். அடித்தட்டு உலரும்வரை இயந்திரம் மீண்டும் இயங்காது. சலவைத்தூள் மிகுந்து நுரை வழிந்தாலும் இவ்வமைப்பு தூண்டப்படலாம்.

பொறிமுறை: இதற்கு மின்சாரம் தேவையில்லை. உறைக்குள் கசியும் நீரால் ஒரு பஞ்சு போன்ற பொருள் உப்பி, சுருள்வில்லை விடுவித்து வால்வை மூடுகிறது. ஒருமுறை செயற்பட்டபின் குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும்.

கரையோரப் பகுதிகளில்

மன்னார் வளைகுடாக் கரையில், இராமநாதபுரம் மாவட்டத்தில் அமைந்த மாரியூர் உப்பளங்கள் நிறைந்த ஊராகும். இத்தகைய ஊர்களில் உப்புக்காற்று சுவிட்சின் தொடுமுனைகளை அரிக்கக்கூடும். அவ்வாறு அரிக்கப்பட்டால் கசிவின்போது சுவிட்ச் இயங்காமல் போகலாம். கடின நீரின் படிவு வால்வின் வடிகட்டியை அடைக்கும். வால்வு முழுமையாக மூடுவதையும் தடுக்கும். காவிரி நீரைத் திருச்சிராப்பள்ளிப் பகுதியிலிருந்து கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம்பியுள்ள மாவட்டம் என்பதால், இங்கு நன்னீர் வீணாவது தரை நனைவதைவிடப் பெரிய இழப்பாகும்.

நீரழுத்தமும் முக்கியமானது. பெரும்பாலான வால்வுகளில் உள்ள மென்தகடு நீரழுத்தத்தாலேயே இறுக மூடுகிறது. 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார் மட்டுமே கிடைக்கும். இயந்திரத்திற்குக் குறிக்கப்பட்ட குறைந்த அளவிற்கும் கீழே அழுத்தம் இருப்பின் வால்வு சரிவர இயங்காது.

வரம்புகள்

இப்பாதுகாப்பு வால்வுக்கும் அடித்தட்டுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு மட்டுமே உரியது. சுவர்க்குழாயின் மரையில் ஏற்படும் கசிவையும், வடிகுழாய் கழன்று நீர் வெளியேறுவதையும் இதனால் உணர முடியாது. எனவே இவ்வமைப்பு உள்ள இயந்திரத்திலும், சலவை முடிந்தவுடன் சுவர்க்குழாயை மூடுவது அவசியமாகும்.