மனுவிலிருந்து மானியம் வரை

மானியம் என்னும் சொல் நம் ஊர்களுக்குப் புதியதன்று. வெட்டியான் மானியம், தோட்டி மானியம் என்று ஊர்ப்பணி புரிந்தோருக்கு விடப்பட்டிருந்த நிலங்களை நம் பாட்டன்மார் அறிந்திருந்தனர். தீர்வை இன்றியோ குறைந்த தீர்வையிலோ அனுபவித்து வந்த அச்சிறு நிலத்துக்கு ஈடாக, பிணம் சுடுவதும், பறை சாற்றுவதும், செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும், மணியக்காரர் ஏவிய இடத்துக்கெல்லாம் ஓடுவதும் தலைமுறை தலைமுறையாக அவர்கள்மீது சுமத்தப்பட்டன. அந்த மானியம் மனிதனைப் பிறப்புத் தொழிலோடு பிணைத்தது. கல்விக்கென்று அரசும் அறக்கட்டளைகளும் வழங்கும் மானியமோ, அப்பிணைப்பை அறுப்பதற்காக நம் முன்னோர் கேட்டுப் பெற்றதாகும். சொல் ஒன்றே, பொருள் நேர்மாறானது. நம் இளைஞருள் சிலர் மானியம் கோரி விண்ணப்பம் எழுதுவதைக் கையேந்துவதாக எண்ணி நாணுகின்றனர். அவர்கள் பொருட்டே இவ்வரலாற்றை இங்கு எழுத நேர்ந்தது.

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப் பின்னரே இந்நாட்டில் உதவி மானிய முறை வேரூன்றியது. ஊராரோ ஒரு சங்கத்தாரோ பணம் திரட்டிக் கட்டடம் எழுப்பி ஆசிரியரை அமர்த்தினால், அரசு செலவில் ஒரு பகுதியை ஏற்கும் என்பது அதன் அடிப்படை. சென்னை மாகாணத்தில், மாணவரைச் சோதித்துத் தேர்ச்சியைக் கண்ட பின்னரே பணம் வழங்கும் முறையும் நெடுநாள் வழக்கில் இருந்தது. இவ்விதிகள் எவரையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. முதலில் நீ செலவிடு, பிறகு என்னைக் கேள் என்றன. குடியிருக்கும் மனைக்கே உரிமையில்லாத சேரி மக்களை வாயிலில் நிறுத்த அதுவே போதுமானதாயிற்று. மானியத்தின் பெரும்பகுதி கிறித்தவச் சங்கங்களின் பள்ளிகளுக்கும், வசதி படைத்த சாதியார் நடத்திய பள்ளிகளுக்கும் சென்றதில் வியப்பில்லை. அவற்றுள் நம் பிள்ளைகளுக்கு ஓரளவேனும் கதவு திறந்தவை கிறித்தவப் பள்ளிகளே என்பதை நன்றியுடன் குறிப்பிடவேண்டும்.

இந்நிலையை மாற்றியது மனுக்களே. அயோத்திதாசப் பண்டிதர் 1891 டிசம்பரில் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிக் கல்வி, வேலை உள்ளிட்ட கோரிக்கைகளைத் தீர்மானங்களாக நிறைவேற்றினார். அடுத்த ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் தாழ்த்தப்பட்டோருக்கு வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டார். அதே 1891இல் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893இல் அவர் திரட்டிய ஒரு மனுவில் 3,412 பேர் கையெழுத்திட்டிருந்தனர். காகிதங்களை ஒட்டி நீட்டியபோது அது 112 அடி நீளமிருந்தது. சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தலாகாது என்று பார்லிமெண்டுக்கு அனுப்பப்பட்ட மனு அது. அக்கோரிக்கையின் நியாயத்தைப் பற்றி இன்று இரு கருத்துகள் இருக்கலாம். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலரே இருந்த சமூகத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்ட எத்தனை சேரிகளுக்கு நடந்திருக்கவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையும், பாதிரிமார் விடுத்த முறையீடுகளும், நம்மவர் மனுக்களும் சேர்ந்து அரசை அசைத்தன. 1892இல் நிலம் பற்றிய ஆணை பிறந்தது. 1893 பிப்ரவரி 1ஆம் நாள் கல்வி பற்றிய ஆணை வெளிவந்தது. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று பிற்காலத்தார் அதனைப் போற்றினர். சேரிகளில் தனிப் பள்ளிகள், அவற்றுக்குப் புறம்போக்கில் இடம், உயர்ந்த விகிதத்தில் மானியம், ஆசிரியப் பயிற்சி பெறுவோருக்கு உதவித்தொகை என்பன அதன் கூறுகள். விதியின் முள் எங்கே தைக்கிறது என்பதை முதன்முறையாக அரசே ஒப்புக்கொண்ட ஆணை என்று இதனைக் கொள்ளலாம். ஏழைக்கு இடமும் கொடுத்து மானியமும் கூட்டிக் கொடுத்தாலன்றிப் பள்ளி எழாது என்பதே அதன் சாரம்.

ஆணை வேறு, நடப்பு வேறு. கால் நூற்றாண்டு கழித்து, 1919இல் அரசு கணக்கெடுத்தபோது, பொது நிர்வாகத்திலிருந்த 8,157 பள்ளிகளுள் நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609 மட்டுமே எனத் தெரியவந்தது. அக்கிரகாரத்திலும் கோயிலடியிலும் சாவடியிலும் பள்ளியை வைத்துவிட்டால், சேர்க்கமாட்டோம் என்று சொல்லவேண்டிய தேவையே இல்லை அல்லவா! அதன் பின்னரே தொழிலாளர் துறை தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிப் பள்ளிகளைத் திறந்தது. வீட்டு மனை வாங்கக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துக் கடன் கொடுத்துத் தவணையில் திரும்பப் பெற்றதும் இத்துறையே. பேரேடும் ரசீதும் தீர்மானப் புத்தகமும் நம் தெருக்களில் பலருக்கு அறிமுகமானது அக்கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத்தான். எம். சி. ராஜா சட்டசபையில் இத்துறையின் குறைகளை ஓயாது எடுத்துரைத்து வந்தார்.

அரசு செய்யட்டும் என்று காத்திராமல் தாமே நிறுவனம் கண்டவர்களும் இருந்தனர். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, ஊர் ஊராகச் சென்று நன்கொடை திரட்டிப் பள்ளியை வளர்த்தார். நம் மாவட்டத்துக்கு அண்மையிலுள்ள கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளராய்ச் சென்ற நம்மவர் தம் கூலியிலிருந்து பள்ளிகளையும் பௌத்த சங்கக் கிளைகளையும் பேணினர். ஜி. அப்பாதுரையார் 1926 முதல் ‘தமிழன்’ இதழை அங்கிருந்தே நடத்தினார்.

இவ்விடத்தில் அண்ணல் அம்பேத்கரின் சோலாப்பூர் விடுதியைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம்மைப் போன்ற சிறிய சங்கத்துக்கு அதைவிட நெருங்கிய முன்மாதிரி வேறில்லை. கொலம்பியாவிலும் இலண்டனிலும் உயர்ந்த பட்டங்கள் பெற்றுத் திரும்பிய அவர், 1924 ஜூலையில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை அமைத்தார். 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி முறையாகப் பதிவு செய்தார். 1925 ஜனவரியில் சோலாப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு ஒரு விடுதியைச் சபை திறந்தது. உண்டி, உடை, புத்தகம் ஆகியவற்றைச் சபையே ஏற்றது. சோலாப்பூர் நகராட்சி மாதம் 40 ரூபாய் மானியம் அளித்தது. நாற்பது ரூபாய்தான்! ஆயினும் தீண்டாதார் நடத்தும் விடுதிக்கு ஒரு நகராட்சி தன் வரவு செலவுத் திட்டத்தில் இடம் ஒதுக்கியதென்றால், அவ்விடுதி ஊர்ப் பொதுப்பணியுள் ஒன்றாக ஏற்கப்பட்டது என்பது பொருள். 1928இல் அவர் தாழ்த்தப்பட்டோர் கல்விச் சங்கத்தைத் தொடங்கியபோது, பம்பாய் அரசு விடுதிகளுக்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய் வழங்க இசைந்தது. அது போதவில்லை. எஞ்சியதற்கு நகராட்சிகளையும் ஜில்லா போர்டுகளையும் செல்வந்தரையும் நாடி அவரே எழுத வேண்டியதாயிற்று. ஒரே வாயிலை நம்பியிருக்கும் சங்கம் அவ்வாயில் அடைபட்டால் என்னாகும் என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார்.

1932 செப்டம்பர் 24ஆம் நாள் எரவாடாவில் கையெழுத்தான புனா ஒப்பந்தத்தைத் தொகுதி ஒதுக்கீட்டுக்காகவே எல்லோரும் நினைவிற்கொள்கின்றனர். அதன் கடைசிப் பிரிவைப் படித்தவர் குறைவு. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்திலிருந்து போதிய தொகையைத் தாழ்த்தப்பட்டோர் கல்விக்கெனத் தனியே ஒதுக்கவேண்டும் என்பதே அப்பிரிவு. ‘போதிய’ என்ற சொல்லுக்கு எண் எதுவும் குறிக்கப்படவில்லை. எண் இல்லாத வாக்குறுதியை வேண்டியபடி சுருக்கவும் இயன்றது. பத்தாண்டுகள் கழித்து, வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அம்பேத்கர், 1942இல் அளித்த குறிப்பாணையில் அத்தவறுக்கு இடம் வைக்கவில்லை. காசி, அலிகார் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் வழங்கும் மானியத்தை எடுத்துக்காட்டி, எங்கள் மாணவருக்கு இத்தனை இலட்சம் வேண்டும் என்று தொகையைக் குறித்தே கேட்டார். 1944-45 முதல் ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் உதவித்தொகைத் திட்டம் வந்தது. இன்று கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் பெறும் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையின் தொடக்கம் அதுவே.

விடுதலைக்குப் பின் 1953-54 முதல், ஆதிதிராவிடரிடையே பணியாற்றும் தொண்டு நிறுவனங்களுக்கு மத்திய அரசு நேரடியாக மானியம் அளித்து வந்தது. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு அரசு தரும். பத்தைச் சங்கம் போடவேண்டும். 2022 முதல் இத்திட்டம் ‘ஷ்ரேஷ்டா’ என்னும் திட்டத்தின் ஒரு பிரிவாகத் தொடர்கிறது. 1854இன் பழைய விதி இங்கும் மெலிந்த உருவில் உயிரோடிருப்பதைக் காண்கிறோம். அந்தப் பத்துப் பங்கைத் திரட்ட முடியாத சங்கத்துக்குத் தொண்ணூறும் எட்டாது.

தனியார் அறக்கட்டளைகளும் கம்பெனிகளும் வழங்கும் நிதி அண்மைக் காலத்து வரவு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்றது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலை அமைந்துள்ள வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அது கூறுகிறது. நம் மாவட்டத்துக்கு வந்த வினை இங்கேதான். 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மாவட்டத்தில் ஓசூரும் அடங்கியிருந்தது. 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர்த் தொழிற்பேட்டையும் அதனோடு போயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமாக, 68.54 விழுக்காட்டோடு நின்றது தருமபுரி; பெரும் ஆலைகளோ எல்லைக்கு அப்பால் நின்றன. நம் விண்ணப்பங்களில் பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் ஓசூருக்கு வேலைக்குச் செல்லும் நம் தொழிலாளரின் எண்ணிக்கையைக் கிராமவாரியாகக் குறித்து இணைக்கவேண்டும் என்பது என் கருத்து. ஆலை அங்கிருந்தாலும் உழைப்பு இங்கிருந்து போகிறது என்பதை எண்களால் காட்டினால், ‘வட்டாரம்’ என்ற சொல் சற்று விரியக்கூடும்.

இன்றைய நிபந்தனைகளைப் பலரும் அறிவர், சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கப் பதிவு, ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளருக்கு அனுப்பவேண்டிய கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும், வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், கம்பெனி நிதி பெற 2021 முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவம், மூன்றாண்டுப் பணியனுபவம். வெளிநாட்டு நிதிக்கு வேறு சட்டம். 2020இன் திருத்தத்துக்குப் பின் நிர்வாகச் செலவு நூற்றுக்கு இருபதைத் தாண்டலாகாது. புதிய சங்கத்துக்கு மூன்றாண்டு அனுபவம் எப்படி வரும் என்று கேட்டால் விடையில்லை. பணம் இருந்தால் பணி. பணி இருந்தால்தான் பணம்.

ஆவணங்களைப் பற்றி ஒன்று. 2012 நவம்பர் 7ஆம் நாள் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய நம் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. பீரோக்களோடு பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் சாதிச் சான்றிதழ்களும் குடும்ப அட்டைகளும் எரிந்தன. விண்ணப்பம் எழுதத் தெரிந்த குடும்பங்களும் மறுநாள் இணைக்கக் காகிதமின்றி நின்றன. ஆகவே சங்கத்தின் பதிவுச் சான்று, துணை விதிகள், தணிக்கை அறிக்கைகள், தீர்மானப் புத்தகம் ஆகியவற்றின் படிகள் அலுவலகத்தில் ஒன்றும், வேறோர் ஊரில் ஒன்றும், வங்கிப் பெட்டகத்தில் ஒன்றுமாக மூன்று இடங்களில் இருக்கவேண்டும். மாணவர் சான்றிதழ்களின் படிகளையும் பெற்றோர் விரும்பினால் சங்கம் வாங்கிவைத்தல் நன்று.