மக்டவல் கவுண்டியின் உயர்நிலைப் பள்ளிகள்: ஒப்பீட்டுக்குரிய அளவுகோல்கள்

அமெரிக்காவின் மேற்கு விர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் உள்ளது மக்டவல் கவுண்டி. அங்கு இன்று இயங்கும் அரசு உயர்நிலைப் பள்ளிகள் இரண்டே: கவுண்டித் தலைநகரான வெல்ச்சில் உள்ள மவுண்ட் வியூ, மேற்கே பிராட்ஷாவில் உள்ள ரிவர் வியூ. அம்மாநிலத்தில் ஒவ்வொரு கவுண்டியும் தனக்கென ஒரு கல்வி வாரியம் கொண்ட பள்ளி மாவட்டமாகும். 55 கவுண்டிகளுக்கு 55 மாவட்டங்கள். எனவே இவ்விரு பள்ளிகளையும் நிர்வகிப்பது ஒரே வாரியம். சொத்து வரி வருவாய், ஆசிரியர் ஊதிய விகிதம், பாடத்திட்டம் ஆகியவையும் இரண்டுக்கும் பொது. வெவ்வேறு கவுண்டிகளின் பள்ளிகளை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் குழப்பிவிடும் பண வேறுபாடு இங்கே பெரும்பாலும் விலகிவிடுகிறது. இவ்வளவு தெளிவான ஒப்பீட்டுக் களத்தைக்கூட, எது முதலிடம் என்று மட்டும் கேட்கும் தரவரிசைகள் வீணாக்கிவிடுகின்றன.

இரண்டே பள்ளிகள் என்ற நிலை அண்மைக் காலத்தது. 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தக் கவுண்டியில் 98,887 பேர் இருந்தனர். 2020இல் 19,111 பேர். நிலக்கரிச் சுரங்கங்களில் இயந்திரங்கள் ஆட்களின் இடத்தைப் பிடித்ததும், எஃகுத் தொழில் சரிந்ததும், பிற சுரங்கப் பகுதிகளுடன் போட்டி வளர்ந்ததும் இந்த வீழ்ச்சியின் காரணங்கள். நிலக்கரி செழித்த காலத்தில் ஊருக்கு ஊர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. நிறப் பிரிவினை நிலவியதால் கிம்பல், எக்செல்சியர் போன்ற பள்ளிகள் கறுப்பின மாணவர்களுக்கெனத் தனியே நடந்தன. நார்த்ஃபோர்க் பள்ளியின் கூடைப்பந்து அணி 1974 முதல் 1981 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து மாநிலப் பட்டம் வென்றது. 1985இல் அப்பள்ளி மூடப்பட்டு மவுண்ட் வியூவுடன் இணைந்தது. வார் நகரின் பிக் கிரீக் பள்ளி மாணவர் ஹோமர் ஹிக்கம், 1960இல் ராக்கெட் ஆய்வுக்காகத் தேசிய அறிவியல் கண்காட்சியில் பரிசு பெற்றார். அந்தப் பள்ளியும் யேகர் பள்ளியும் 2010இல் ரிவர் வியூவாக ஒன்றிணைந்தன.

இத்தகைய இணைப்புகளுக்கு அறிவுத்துறை ஆதரவு முன்பே இருந்தது. கல்வியாளர் ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட் 1959இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்கு நூறு பேராவது பட்டம் பெறாத உயர்நிலைப் பள்ளியால் போதிய பாடங்களை நடத்த இயலாது என்று வாதிட்டது. இயற்பியலுக்கும் உயர்கணிதத்திற்கும் தனி ஆசிரியரை அமர்த்தும் அளவுக்கு மாணவர் சேர வேண்டும் என்பது நியாயமான வாதமே. ஆனால் அதற்கான விலையைப் பயண நேரமாகக் கொடுப்பவர்கள் மாணவர்கள். அந்த விலை அறிக்கைகளில் இடம்பெறுவது அரிது.

தரவரிசையின் முதல் குறை எண்ணிக்கை சார்ந்தது. 11ஆம் வகுப்பில் 60 பேர் தேர்வெழுதும் பள்ளியில் ஒரே ஒரு மாணவரின் மதிப்பெண் தேர்ச்சி விகிதத்தை 1.7 புள்ளி நகர்த்தும். அங்கு படிப்போரின் உண்மையான தேர்ச்சி வாய்ப்பு சரிபாதி என்று வைத்துக்கொண்டால், கற்பித்தலில் எதுவும் மாறாமலேயே, தற்செயலால் மட்டும் அந்த விகிதம் ஏறத்தாழ 37க்கும் 63க்கும் இடையே எங்கும் அமையக்கூடும். 600 பேர் எழுதும் நகரப் பள்ளியில் அந்த அலைவு இருபுறமும் ஏறத்தாழ நான்கு புள்ளிக்குள் அடங்கும். சிறிய பள்ளிகள் ஓராண்டு பட்டியலின் உச்சியிலும் மறு ஆண்டு அடியிலும் தென்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பதைப் பொருளியலாளர்கள் தாமஸ் கேனும் டக்ளஸ் ஸ்டெய்கரும் 2002இல் எடுத்துக்காட்டினர். ஓராண்டு மதிப்பெண்ணை வைத்து ஒரு தலைமையாசிரியரைப் பாராட்டுவதும் மாற்றுவதும் இந்நிலையில் அநீதியாகும். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளின் சராசரிக்குக் குறைந்த எதையும் இங்கே சான்றாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது குறை, ஒரே பெயரில் வேறு பொருள்களை அளப்பது. மவுண்ட் வியூ ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நடத்தும் பள்ளி. ரிவர் வியூ ஒன்பதில் தொடங்குகிறது. மொத்த மாணவர் எண்ணிக்கையையோ, ஆசிரியர்–மாணவர் விகிதத்தையோ அப்படியே அருகருகே வைத்தால், ஒருபுறம் நடுநிலை வகுப்புகளும் கணக்கில் சேர்ந்துவிடும். வறுமையை அளக்கும் வழக்கமான குறியீடும் உதவாது. முன்பு இலவச மதிய உணவுக்கு விண்ணப்பித்துத் தகுதி பெற்றோர் விகிதமே வறுமையின் அளவாக இருந்தது. பள்ளி உணவு குறித்த 2010ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், ஏழ்மை மிக்க பகுதிப் பள்ளிகள் விண்ணப்பமின்றி அனைவருக்கும் உணவளிக்க வழிசெய்தது. மேற்கு விர்ஜீனியா அதைத் தொடக்கத்திலேயே ஏற்ற மாநிலங்களில் ஒன்று. குழந்தைகளுக்கு இது பெரும் நன்மை. ஆனால் எல்லோருக்கும் உணவு என்றானபின் அந்த விகிதத்தால் இரு பள்ளிகளைப் பிரித்தறிய முடியாது.

பட்டம் பெறுவோர் விகிதத்திலும் கவனம் தேவை. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து இது கணக்கிடப்படுகிறது. வேறு பள்ளிக்கு மாறியதற்குச் சான்று இருந்தால் அந்த மாணவர் கணக்கிலிருந்து நீக்கப்படுவார். சான்று கிடைக்காவிட்டால் இடைநின்றவர் ஆவார். வேலை தேடிக் குடும்பங்கள் ஓயாமல் வெளியேறும் கவுண்டியில், பள்ளி அலுவலகத்தின் ஆவணப் பராமரிப்பே சில புள்ளிகளைத் தீர்மானித்துவிடும்.

பயனுள்ள ஒப்பீடு வேறு கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரே நிலையில் இருந்த மாணவர்கள், பதினொன்றில் எழுதும், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் எங்கே நிற்கிறார்கள்? கணிதத்தையும் அறிவியலையும் அப்பாடங்களுக்குரிய தகுதி பெற்றவர்கள் கற்பிக்கிறார்களா, நீண்டகாலப் பதிலி ஆசிரியர்கள் கற்பிக்கிறார்களா? கல்லூரிப் பாட அலகுகளை (credit) ஈட்டித் தரும் வகுப்புகள் இரு பள்ளிகளிலும் கிடைக்கின்றனவா? ஆசிரியர் பற்றாக்குறை இந்தக் கவுண்டியின் நாட்பட்ட துயரம். அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு 2011இல் தொடங்கிய மக்டவல் மீளிணைப்புத் திட்டம், ஆசிரியர்கள் தங்குவதற்கான குடியிருப்பை வெல்ச்சில் கட்டுவதையும் தன் பணிகளில் சேர்த்துக்கொண்டது இதனால்தான். நல்ல வாடகை வீடு கிடைக்காத ஊரில் புதிய ஆசிரியர் நிலைப்பதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது பயண நேரம். கவுண்டியின் பரப்பு ஏறத்தாழ 1,385 சதுர கிலோமீட்டர். ஊர்கள் குறுகிய பள்ளத்தாக்குகளில் ஓடையோரமாக நீண்டு கிடக்கின்றன. வரைபடத்தில் அருகருகே தெரியும் இரு ஊர்களுக்கு இடையே மலையைச் சுற்றிச் செல்லும் சாலைதான் உண்டு. 2001, 2002 ஆண்டுகளில் வெள்ளம் இப்பள்ளத்தாக்குகளைச் சூறையாடியது. இந்த நிலத்தில், மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் வீடு திரும்ப வழியில்லாத மாணவர் இசைக்குழுவிலோ விளையாட்டிலோ துணைப்பாட வகுப்பிலோ சேர்வது கடினம். கான்சஸ் மாநிலப் பள்ளிகளை ஆராய்ந்த ரோஜர் பார்க்கரும் பால் கம்பும் 1964இல், சிறிய பள்ளி மாணவரே மிகுதியான செயல்பாடுகளில் பொறுப்பேற்றுப் பங்குபெறுகின்றனர் என்று கண்டனர். மாணவர் எண்ணிக்கையில் சிறியதாக இருந்தும், தொலைவால் அந்த நன்மையை ஒரு பள்ளி இழக்கக்கூடும். பள்ளிக்குப் பின் தங்கும் மாணவர்களுக்குத் தாமதப் பேருந்து உண்டா, ஒரு மாணவர் நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் பேருந்தில் கழிக்கிறார் என்பவற்றைத் தேர்வு மதிப்பெண்ணுக்கு இணையான தரவுகளாகவே கொள்ள வேண்டும்.

ஒப்பீட்டின் முடிவு யாருக்கு உரியது என்பதையும் தெளிவாக்க வேண்டும். இங்கே பெரும்பாலான பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில்லை. எந்தப் பள்ளத்தாக்கில் வீடு என்பதே பள்ளியை முடிவு செய்கிறது. ஆகவே ஒப்பீட்டின் பயனை எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் வாரியத்தினர். மாநில அரசு 2001இல் கவுண்டியின் பள்ளி நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்து, 2013இல்தான் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆண்டுகளின் மதிப்பெண்களுக்கு உள்ளூரார் மட்டும் பொறுப்பாக முடியாது. இன்று அதிகாரம் உள்ளூரில் இருப்பதால், வெல்ச்சில் கிடைக்கும் ஒரு வகுப்பு பிராட்ஷாவில் கிடைக்கவில்லை என்று ஒப்பீடு காட்டினால், இரு பள்ளிகளுக்கும் ஒரே ஆசிரியரைப் பகிர்வது, காணொலி வழி வகுப்பை இணைப்பது, பேருந்து நேரத்தை மாற்றுவது ஆகிய தீர்வுகள் வாரியத்தின் அதிகார எல்லைக்குள்ளேயே உள்ளன.