ரயிலே இல்லாத தலைநகரம்: ரெய்க்யவிக்கின் பாதைகளைப் போட்டது யார்?

இந்த எபிசோட்ல நாம போகப்போற ஊர், உலகத்துலேயே வடக்கே இருக்கிற சுதந்திர நாட்டுத் தலைநகரம். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக். நகரத்துக்குள்ள சுமார் 1,40,000 பேர். சுத்தியிருக்கிற சின்ன நகராட்சிகளையும் சேர்த்தா, மொத்த நாட்டுல ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மக்கள் இங்கதான்.

இந்த ஊர்ல மெட்ரோ இல்ல, டிராம் இல்ல, லோக்கல் ட்ரெயின் இல்ல. ஐஸ்லாந்து நாட்டுலேயே பயணிகள் ரயில் ஓடினதே கிடையாது. ஊர் மக்கள் போற நூறு பயணத்துல நாலைந்துதான் பஸ்ல. மிச்சத்துல பெரும்பகுதி கார். பணக்கார நாடு, சுற்றுச்சூழல் பத்தி அதிகம் பேசுற நாடு. அப்புறம் ஏன் இப்படி? குளிர்தான் காரணம்னு சொல்றது ஈஸி. ஆனா இதைவிடக் குளிரான ஊர்கள்ல டிராம் ஓடுது. பதில் வரலாற்றுல இருக்கு.

துணி மூட்டையும் மீனும்

இன்னைக்கு ரெய்க்யவிக்கோட முக்கியமான கடைத்தெரு லோய்கவேகூர். அந்தப் பேரில் இருக்கிறது வெந்நீர் ஊற்று. ஊருக்குக் கிழக்கே சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி ஒரு வெந்நீர் ஊற்று இருந்துச்சு. ஊர்ப் பெண்கள் துணி மூட்டையைத் தூக்கிட்டு, பனியிலும் சேற்றிலும் அங்க நடந்து போய்த் துவைச்சுட்டு வருவாங்க. கால் தவறிக் கொதிநீர்ல விழுந்து இறந்தவங்களும் உண்டு. அவங்க நடக்கறதுக்காக 1880களில் போடப்பட்ட பாதைதான் பின்னாடி கடைத்தெரு ஆச்சு. 1930-ல அதே வெந்நீரைக் குழாய் வழியா ஊருக்குள்ள கொண்டுவந்து ஒரு பள்ளிக்கும் சில பத்து வீடுகளுக்கும் சூடு கொடுத்தாங்க. இன்னைக்கு ஐஸ்லாந்தில் சுமார் 90% வீடுகளைச் சூடாக்குறது பூமிக்குள்ள இருக்கிற வெப்பம்தான்.

ஊரோட பொருளாதாரம்னா அப்போ மீன். 1900-ஐ ஒட்டி ரெய்க்யவிக்ல ஆறாயிரம் பேர்தான். 1905-லிருந்து நீராவி இழுவைப் படகுகள் வர ஆரம்பிச்சதும் மீன்பிடி பெரிய தொழில் ஆச்சு. ஆனா நல்ல துறைமுகம் இல்ல. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். சரக்கைச் சின்னப் படகுல கரைக்குக் கொண்டுவரணும். நிலக்கரி மூட்டையை முதுகுல சுமந்தவங்கள்ல பெண்களும் நிறைய.

1913-ல துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. அலையைத் தடுக்கற சுவருக்கு டன் கணக்குல பாறை வேணும். அதைச் சுமக்க ரெண்டு பழைய நீராவி எஞ்சின்களை வெளிநாட்டுல இருந்து வாங்கினாங்க. பேரு மினோர், பியோனேர். ஓஸ்க்யுலித்னு ஒரு குன்று. அங்க உடைச்ச பாறையை இந்த ரயில் கடற்கரைக்குக் கொண்டுவந்துச்சு. 1917-ல வேலை முடிஞ்சது, 1928-க்கு அப்புறம் ரயிலும் நின்னுடுச்சு. ஒரு எஞ்சின் துறைமுகத்துல, இன்னொண்ணு அருங்காட்சியகத்துல. ஐஸ்லாந்தின் ரயில் வரலாறு கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

ரயில் வேணும்னு யாரும் கேக்கலையா? கேட்டாங்க. தெற்குச் சமவெளி விவசாயிகளை ரெய்க்யவிக்கோட இணைக்க ரயில் போடணும்னு பல வருஷம் பாராளுமன்றத்துலயே விவாதம் நடந்துச்சு. ஆனா நாட்டுல மக்கள் கம்மி, காசும் கம்மி. பேசிட்டு இருக்கும்போதே லாரி வந்துடுச்சு. கார் 1904-லயே வந்தாச்சு, பஸ் கம்பெனி 1931-ல ஆரம்பிச்சது. ரயில் கட்டத்தை ஒரேயடியா தாண்டிக் குதிச்ச நாடு இது.

போர் கொண்டுவந்த ரன்வே

1940 மே 10. நடுநிலை நாடுன்னு அறிவிச்சிருந்த ஐஸ்லாந்துல, கேக்காமலே பிரிட்டிஷ் ராணுவம் வந்து இறங்குது. அப்போ ரெய்க்யவிக் மக்கள் தொகை 38,000 அளவுல. நாட்டுக்குள்ள வந்த பிரிட்டிஷ் வீரர்கள் படிப்படியா 25,000 பேர். அடுத்த வருஷம் அமெரிக்கர்களும் வந்தாங்க.

ராணுவத்துக்கு ரோடு வேணும், முகாம் வேணும், விமான ஓடுபாதை வேணும். வேலையில்லாம இருந்த ஊர்ல எல்லாருக்கும் வேலை. கிராமத்துல இருந்து ஆட்கள் கூட்டமா வந்தாங்க. மீனும் பிரிட்டனுக்கு நல்ல விலைக்குப் போச்சு. உலகமே எரிஞ்ச அந்த வருஷங்களை ஐஸ்லாந்துல 'ஆசீர்வதிக்கப்பட்ட போர்'னு சொல்ற பழக்கம் உண்டு. கேக்கவே சங்கடமா இருக்கும். ஆனா அங்க நிறைய பேர் கையில முதல்முறையா காசு புழங்கினது அப்போதான்.

போர் முடிஞ்சு ராணுவம் விட்டுட்டுப் போன ரெண்டு விஷயம் ஊரையே மாத்துச்சு.

ஒண்ணு, தகரக் கூடாரங்கள். வீட்டுப் பஞ்சத்துல ஆயிரக்கணக்கான ஏழைகள் அந்த அரைவட்டத் தகர முகாம்களில் வருஷக்கணக்கா வாழ்ந்தாங்க. அவங்களுக்காகவும் மற்ற தொழிலாளர்களுக்காகவும் 1960களின் கடைசியிலிருந்து ஊருக்கு வெளியே பிரேய்த்ஹோல்ட் மாதிரி புதுக் குடியிருப்புகள் எழும்பின. நல்ல வீடு கிடைச்சது. ஆனா வேலைக்கு வரணும்னா பல கிலோமீட்டர்.

அதே சமயத்துல, 1962 முதல் 1983 வரைக்குமான நகரத் திட்டம் ஒண்ணு போட்டாங்க. டென்மார்க் நிபுணர் பீட்டர் பிரெட்ஸ்டார்ஃப் அதுல பங்கெடுத்தார். எல்லார்கிட்டயும் கார் இருக்கும்ங்கறதுதான் அதோட அடிப்படை. அகலமான சாலைகள், நிறைய பார்க்கிங், தள்ளித்தள்ளி வீடுகள். கார் வாங்க முடியாதவங்க கதை? எப்பவாவது வர்ற பஸ்ஸுக்காகக் காத்தலும் குளிரும்தான். பழைய மரவீடுகளையும் இடிச்சுச் சாலை போடப் பார்த்தாங்க. 1970களில் மக்கள் இயக்கம் எழுந்துதான் சிலது தப்பிச்சது.

ரெண்டாவது, அந்த ஓடுபாதை. வாட்ன்ஸ்மீரிங்கற ஈரநிலத்துல பிரிட்டிஷார் கட்டின விமான நிலையம் 1946-ல ஐஸ்லாந்து கைக்கு வந்துச்சு. பாராளுமன்றத்துல இருந்து நடந்தே போயிடலாம், அவ்வளவு பக்கம். வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் 50 கிலோமீட்டர் தள்ளி, அமெரிக்கர்கள் கட்டின கெப்ளாவிக்குப் போயிடுச்சு. உள்நாட்டு விமானம் மட்டும் இன்னும் நகர நடுவுல.

இங்கதான் உண்மையான சண்டை. நகரவாசிகள், 'வீட்டு வாடகை கழுத்தை நெரிக்குது, அந்த நிலத்துல வீடு கட்டினா ஆயிரக்கணக்கானவங்க நடந்தே வேலைக்குப் போகலாமே'ங்கறாங்க. கிராமத்துக்காரங்க, 'நாட்டோட பெரிய ஆஸ்பத்திரி அந்த ரன்வே பக்கத்துல இருக்கு. எங்க ஊர்ல மாரடைப்பு வந்தா அதுதான் உயிர்'ங்கறாங்க. ரெண்டுமே நியாயம். 2001-ல நகரத்துல வாக்கெடுப்பு வெச்சாங்க. போகட்டும்னு 49 சதவீதம், இருக்கட்டும்னு 48 சதவீதம்! ஓட்டுப் போட வந்ததே 37 சதவீதம். விஷயம் இன்னும் முடியல. 2025 பிப்ரவரியில், மரங்கள் உயரமா வளர்ந்து விமானத்துக்கு இடைஞ்சலா இருக்குன்னு ஒரு ஓடுபாதையையே மூடிட்டாங்க. எந்தக் குன்றுல மரம்? அன்னைக்கு ரயில் பாறை சுமந்த அதே ஓஸ்க்யுலித்!

அறுபது வருஷத்தைத் திருப்புறது

2008 அக்டோபர்ல நாட்டோட மூணு பெரிய பேங்க்கும் ஒரே வாரத்துல கவிழ்ந்துச்சு. அப்புறம் காப்பாத்தினது டூரிசம். 2010-ல அஞ்சு லட்சம் மாதிரி இருந்த பயணிகள் 2017-ல இருபது லட்சத்தைத் தாண்டிட்டாங்க. அவங்களோட வாடகைக் கார்களும் இதே ரோட்டுலதான்.

2019-ல அரசும் ஆறு நகராட்சிகளும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. 15 வருஷம், 12,000 கோடி குரோனா. அதோட நடுநாயகம் போர்கர்லீனா: தனிப் பாதையில அடிக்கடி ஓடற பஸ். செலவுக் கணக்கு பின்னாடி ரெண்டு மடங்குக்கும் மேல எகிறுச்சு, எதிர்ப்பும் கம்மியில்ல. தள்ளித்தள்ளிக் கட்டின ஊருக்கு பஸ் விடறது, நெருக்கமா கட்டின ஊருக்கு விடறதைவிட ரொம்பக் காஸ்ட்லி.

இதுல நாம கவனிக்கவேண்டியது இதுதான். ரெய்க்யவிக்கோட பாதைகளை மீன் காசு, ராணுவம், காரை நம்பின ஒரு நகரத் திட்டம்னு ஒவ்வொரு காலத்துலயும் ஒவ்வொண்ணு தன் தேவைக்குப் போட்டுச்சு. தேவை போயிடுச்சு, பாதை நின்னுடுச்சு. அதுல தினமும் போறவங்ககிட்ட யாராவது கேட்டாங்களான்னா, 2001-ல ஒரே ஒருமுறை. அப்பவும் பதில் பாதிக்குப் பாதி. உங்க ஊர்ல ஒரு புது மேம்பாலம் வரும்போது, யாரோட தேவைக்கு வருதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அது நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலயும் அங்கேயேதான் இருக்கும்.