ரைமிங் செயினும் மண்ணெண்ணெய்க் காலமும்

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. ஸ்காபரோவில் பனி கரைந்து, தெருவெல்லாம் உப்பும் மண்ணுமாய்க் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெடியன் குளிர்காலம் முழுக்கக் கராஜுக்குள் மூடி வைத்திருந்த மோட்டச்சைக்கிளை வெளியில் எடுத்து ஸ்ரார்ட் பண்ணினான். 1972ஆம் ஆண்டு மொடல், இரட்டைச் சிலிண்டர். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றேன். எஞ்சின் சூடாகி மெதுவாக ஓடத் தொடங்க, உள்ளுக்குள்ளிருந்து ஒரு சத்தம். தகரப் பேணிக்குள் சில்லறை போட்டுக் குலுக்கின மாதிரி.

"பழசுதானே அங்கிள், அப்பிடித்தான் கத்தும்" என்றான்.

இதே வசனத்தை 1995இல் கோண்டாவிலில் நானும் ஒருவருக்குச் சொன்னேன். அந்தக் கதையைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

1977க்குப் பிறகு இலங்கையில் இறக்குமதி திறந்துவிடப்பட, யப்பான் மோட்டச்சைக்கிள்கள் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளை நிறைத்தன. ஹொண்டா சி 50, சி 70, சி 90, யப்பானில் தபால்காரருக்கென்றே செய்த எம்டி 90... இவையெல்லாம் 1958இல் வந்த சுப்பர் கப்பின் வம்சம். (2017இல் அந்த வம்சத்தின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டியது.) முதலில் வந்த எஞ்சினில் வால்வுகளைத் தள்ளியவை கம்பிகள். 60களின் நடுவில் கேம்ஷாப்ற் சிலிண்டருக்கு மேலே போனது. கீழே சுற்றும் கிராங்கிலிருந்து அதைச் சுற்ற ஒரு சின்னச் செயின். கிராங் இரண்டு முறை சுற்ற, கேம்ஷாப்ற் ஒருமுறை சுற்றும். அந்தக் கணக்கைப் பிசகாமல் காப்பதுதான் ரைமிங் செயினின் வேலை.

1990 ஆனியில் மீண்டும் சண்டை தொடங்கியதும் மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி எல்லாம் தடை. பெற்றோல் கள்ளமாய் வந்தால் தங்க விலை. ஓரளவுக்காவது கிடைத்தது மண்ணெண்ணெய். தோட்டக்காரருக்குச் சூட்சுமம் ஏற்கெனவே தெரியும். தண்ணீர் இறைக்கும் மிசினைப் பெற்றோலில் தொடக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதையே மோட்டச்சைக்கிளுக்கும் செய்தோம். சின்னப் போத்தலில் இருந்து காபரேற்றர் பக்கம் நாலு துளி பெற்றோல், ஒரு உதை, பின்னால் வெள்ளைப் புகை. அவ்வளவுதான்.

இங்கே கல்யாண வீடோ செத்த வீடோ, எங்கள் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் இந்தக் கதை வரும். "எண்ணெயில ஓட்டிக் காட்டினனாங்களெல்லே!" என்று நெஞ்சை நிமிர்த்துவோம். நானும்தான். ஆனால் எஞ்சின் என்ன விலை கொடுத்தது என்று ஒருவரும் சொல்வதில்லை.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரால் வழிந்து, ரிங்கைத் தாண்டி, கீழேயுள்ள ஒயிலோடு கலக்கும். இந்தச் சின்ன எஞ்சின்களுக்கு ஒரு லீற்றரும் ஒயில் இல்லை. அதே ஒயில்தான் கிளச்சுக்கும் கியருக்கும் செயினுக்கும். அது தண்ணியாய்ப் போனால் செயினின் ஒவ்வொரு மூட்டும் தேயும். 'செயின் இழுபட்டுப் போச்சு' என்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. மூட்டுகள் ஒவ்வொன்றும் மயிரளவு தேய, மொத்தச் செயின் நீள்கிறது. தொய்ந்த செயின் சுவரில் அடிபடும். அதுதான் அந்தச் சில்லறைச் சத்தம்.

கோண்டாவிலில் ஓலைக் கொட்டிலுக்குள் வேலை செய்த மெக்கானிக் அண்ணை ஒருவர் இருந்தார். நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு பொருத்திக் கேட்பார். டொக்டரின் குழாய் மாதிரி. அவர் சொல்லித் தந்தது இன்றும் ஞாபகம்.

தலைப்பக்கம் ஒரே சீராய் 'டிக் டிக்' என்றால் ரப்பெற். இடைவெளியைச் சரிசெய்தால் போதும். (இந்த எஞ்சின்களுக்கு 0.05 மில்லிமீற்றர், சவர பிளேட்டின் தடிப்பில் பாதி.) குளிரில் தட்டி, சூடேற மறைந்தால் பிஸ்ரன் தளர்வு. பாரம் ஏற்றி முறுக்கும்போது மட்டும் கல் உரசுவதுபோல் கேட்டால் எரிபொருளின் குற்றம். மண்ணெண்ணெய் அமுக்கம் தாங்காமல் நேரத்துக்கு முன்பே வெடிக்கிறது. அடியிலிருந்து கனமாய் 'டொக் டொக்' என்றால் கிராங். மெதுவாய் ஓடும்போது செயின் ஓடும் பக்கத்தில் கலகலத்து, சற்று முறுக்க அடங்கினால் ரைமிங் செயின்.

கவனித்தீர்களா? மண்ணெண்ணெய்க் காலத்தில் எல்லா வண்டியும் கத்தியது. ஒரு சத்தத்துக்குள் இன்னொன்று ஒளிந்து கிடந்தது. "எல்லாம் எண்ணெயின்ர சத்தம்" என்று சொல்லிவிட்டுப் போவது சுகமாக இருந்தது.

1995 ஆவணியில் ஐயாவின் 90 சிசி மோட்டச்சைக்கிளை அவரிடம் கொண்டு போனேன். திருப்புளியை வைத்துக் கேட்டார். பூட்டு நட்டைத் தளர்த்தினார். அப்படித் தளர்த்தினால் உள்ளேயுள்ள ஸ்பிறிங் தானாகத் தொய்வை எடுக்கவேண்டும். சத்தம் குறையவில்லை.

"தம்பி, இனி இறுக்க இடமில்லை. செயின் முடிஞ்சுது. கழட்டின எஞ்சின் ஒண்டு கிடக்கு, அதில உள்ளதைப் போட்டுத் தாறன். ரண்டு நாள் விட்டிட்டுப் போ."

"பழசுதானே அண்ணை, அப்பிடித்தான் கத்தும். பிறகு பாப்பம்."

எனக்கு வயது பத்தொன்பது. ரியூசனுக்குச் சைக்கிளில் போக வெட்கம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிடச் சொன்னார்கள். மழை. அம்மாவும் தங்கச்சியும் சைக்கிளில். அம்மம்மாவை நான் பின்னால் ஏற்றினேன். ஐயாவுக்கு ஒரு கால் ஏலாது. நான் சாவகச்சேரியில் இவர்களை விட்டுவிட்டு இரண்டாம் நடையில் வந்து அவரை ஏற்றுவதாக ஏற்பாடு. ஒழுங்கை முடியும் முன்பே எஞ்சினுக்குள் 'கடக்' என்றது. நின்றுவிட்டது. உதைத்தால் கால் சும்மா இறங்கியது, அமுக்கமே இல்லை. செயின் பல்லுத் தாண்டி, வால்வு பிஸ்ரனில் மோதி வளைந்திருந்தது.

நாவற்குழிப் பாலம் வரை லட்சக்கணக்கான சனம். அதற்குள் எஞ்சின் உயிரோடு இருந்தாலும் தள்ளித்தான் போயிருப்போம். ஆனால் அடுத்தநாள் நெரிசல் குறைய, ஓடக்கூடிய மோட்டச்சைக்கிள் வைத்திருந்தவர்கள் திரும்பிப் போய் விடுபட்டவர்களை ஏற்றி வந்தார்கள். நான் போகவில்லை. ஐயா இரண்டு நாள் நடந்து வந்து சேர்ந்தார். கால் வீங்கியிருந்தது. "மழை விட்டிட்டுது, பறவாயில்லை" என்றதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. இறக்கும்வரை சொல்லவில்லை.

தடை என்றால் கடையில் சாமான் இல்லாதது என்றுதான் எழுதுகிறோம். அது கையில் இருந்ததையும் சத்தமில்லாமல் தேய்த்தது என்பதை எழுதுவதில்லை. சத்தம் போட்டுத் தேய்ந்த இடங்களிலோ, எங்களில் சிலர் கேட்காத மாதிரி இருந்தோம். தடை போட்டவர்களின் குற்றம் அவர்களோடு. அந்த 'பிறகு பாப்பம்' என்னுடையது.

பெடியனிடம் திருப்புளி கேட்டேன். காதில் வைத்தேன். செயின்தான். கைநூல் சொல்லும் இடத்தில் கிராங்கை நிறுத்தி, பூட்டு நட்டைத் தளர்த்தி விட, உள்ளே 'ளொக்' என்று ஸ்பிறிங் தொய்வை எடுத்தது. இறுக்கினோம். ஸ்ரார்ட் பண்ணினான். சில்லறைச் சத்தம் இல்லை.

"முடிஞ்சுதா அங்கிள்?"

"இப்போதைக்கு. ஒயிலை இண்டைக்கே மாத்து. திரும்பக் கத்தினால் செயினை மாத்தவேணும். பிறகு பாப்பம் எண்டு விடாதை."

பெடியன் சிரித்தான். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.