கல்லறைத் திருநாள்

கல்லறைத் திருநாள் என்பது, இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் கத்தோலிக்கத் திருச்சபை ஆண்டுதோறும் நவம்பர் 2 அன்று ஜெபிக்கும் நினைவு நாள். சகல ஆத்துமாக்கள் திருநாள் என்றும் வழங்கும். இது நவம்பர் 1இல் வரும் அனைத்துப் புனிதர் பெருவிழாவின் மறுநாள்.

தோற்றம்

இறந்தோருக்காக வேண்டுவது பழைய வழக்கம். போரில் மடிந்தவர்களுக்காகப் பாவப்பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்க யூதா மக்கபே எருசலேமுக்குப் பணம் அனுப்பியதை மக்கபேயர் இரண்டாம் நூல் (12ஆம் அதிகாரம்) கூறுகிறது. 994 முதல் 1049 வரை பிரான்சின் க்ளூனி மடத்துக்குத் தலைவராக இருந்த புனித ஒதிலோ, தம் மடங்களில் இதற்கென நவம்பர் 2ஐ ஏற்படுத்தினார். அங்கிருந்து இவ்வழக்கம் மேற்கத்தியத் திருச்சபை முழுவதும் பரவியது.

துயரும் நம்பிக்கையும்

உயிர்த்தெழுதலை நம்புகிறவர் அழக்கூடாது என்று கிறிஸ்தவம் சொல்வதில்லை. இலாசரை உயிர்ப்பிக்கப்போகும் இயேசுவே அவருக்காகக் கண்ணீர் விட்டதாக யோவான் நற்செய்தி சொல்கிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், நம்பிக்கை இல்லாதவர்களைப் போல் துயரப்படாதிருக்கவே அறிவுறுத்தினார். துயரையே விலக்கச் சொல்லவில்லை. 387இல் ஓஸ்தியாவில் தாய் மோனிக்கா இறந்தபோது, புனித அகுஸ்தீனார் அடக்கம் முடியும்வரை அழுகையை அடக்கிக்கொண்டார். பின்னர் தனிமையில் கடவுள் முன் அழுது ஆறுதல் அடைந்தார். தம்மைப் பீடத்தருகே நினைத்துக்கொண்டால் போதும் என்பதே அந்தத் தாய் மகனிடம் கேட்டது.

வழிபாடு

முதல் உலகப் போரில் மக்கள் பெருந்தொகையாக மடிந்துகொண்டிருந்த 1915இல், இந்நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலிகள் நிறைவேற்றத் திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் அனுமதித்தார். உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறும் ஆன்மாக்களுக்கு ஜெபமும் திருப்பலியும் துணைசெய்யும் என்பது கத்தோலிக்கப் போதனை. தமிழகத்தில் குடும்பத்தார் கல்லறைகளைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, மாலையிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவர். குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார்.

பிற சபைகள்

சீர்திருத்த சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்பதில்லை. இறந்தோரின் வாழ்வுக்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்துகின்றன. பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் 1816இல் ஏற்படுத்திய நினைவு ஞாயிறு, திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறன்று ஜெர்மன் சபைகளில் இன்றும் கடைப்பிடிக்கப்படுகிறது. இறந்தோரின் நிலைபற்றி வேறுபடும் இச்சபைகள், மரணம் முடிவல்ல என்ற விசுவாச அறிக்கையில் ஒன்றுபடுகின்றன.